வரி இல்லாத வீட்டுக்கு ஒரு பங்கு

மும்பையின் செம்பூரை விட்டு நடந்து சுனாபட்டியைத் தாண்டிய பிறகுதான் கம்பெனி அட்டை இன்னும் கழுத்தில் தொங்குவதைக் கவனித்தேன். கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை. சாலையில் பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு வேலையை விட்ட நாளில் நான் நடந்துதான் போவேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டிவரும். நடந்தால் அதைக் கால் பார்த்துக்கொள்ளும்.

விட்டு வந்தது கதவு தட்டும் வேலை. அடுக்குமாடிக் கட்டடங்களின் மொட்டை மாடியில் சோலார் தகடு பதித்துக் கொடுக்கும் கம்பெனி அது. செம்பூரில் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் என்பதால் தமிழ் பேசும் ஆள் வேண்டுமென்று என்னை எடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. சொல்ல வேண்டியதை அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதும்.

அந்தப் பாலக்காட்டு வீடுகளில் யாரும் என்னை விரட்டியதில்லை. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள். ஒப்பித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு வீட்டு மாமா கண்ணாடியைத் துடைத்தபடி சொல்வார்: "நீங்க சொல்றதெல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா சொசைட்டி ஜெனரல் பாடியில வெக்கணுமே. மாடிப்படிக்கு என்ன கலர் பெயிண்ட் அடிக்கறதுங்கறதே ரெண்டு வருஷமாப் பாஸ் ஆகாம இருக்கு." மாமி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். நான் அடுத்த கதவுக்குப் போவேன்.

அன்று காலையும் ஒரு கதவு திறந்தது. வாயைத் திறந்தேன். முதல் வரி வரவில்லை. மறந்துபோகவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். "வீடு மாறி வந்துட்டேன் மாமி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டேன். சூரத்தில் சாயப் பட்டறையை விட்டதும், டிராம்பேயில் டேங்கர் லாரி கழுவும் வேலையை விட்டதும் இப்படித்தான். சண்டை எதுவும் கிடையாது. ஒருநாள் போதும் என்றிருக்கும்.

சயானில் ஒரு டீ குடித்துவிட்டுத் தாராவிக்குள் நுழைந்தேன். அங்கே எங்கள் ஊர்ப் பக்கத்து உறவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். தோல் பெல்ட் தைக்கும் சின்னப் பட்டறை அவருடையது. எங்கள் ஆட்களின் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வேலை இல்லாத காலங்களில் அவருடைய பட்டறைப் பரணில் படுத்துக்கொள்வேன். ஏன் விட்டாய் என்று ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

"வந்துட்டியா, நல்லதாப் போச்சு. சாப்ட்டுட்டு வா. ஒரு சோலி கெடக்கு."

"என்ன சோலி அண்ணாச்சி?"

"சாயந்தரம் சங்கத்துல கூட்டம். வீடு வீடாப் போயி எல்லாரையும் கூப்பிடணும். மாடியில சோலாரு போடுதோம்லா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குல சிரிக்க?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எங்க போனாலும் கதவு தட்டுறதுதான் நம்ம தலையெழுத்து."

சங்கக் கட்டடம் மூன்று மாடி. கீழே கூடம், அதன் முகப்பில் சின்னதாக அம்மன் சன்னதி. மேலே வரிசையாகக் கோலிகள். ஒரு கோலி என்றால் ஒரே அறை, அதில் ஒரு குடும்பம். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அங்கே தகடு பதித்து, வரும் கரண்டைப் பங்கு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டின் பில்லிலும் கழித்துக்கொள்வதுதான் ஏற்பாடு. செலவில் பாதியை வெளியே ஓர் அமைப்பு ஏற்றுக்கொண்டது. மீதியைக் குடியிருப்பவர்கள் போட வேண்டும்.

அதை எப்படிப் பிரிப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை. எங்கள் ஆட்களுக்குப் பொதுக் காரியம் என்றால் ஒரே வழிதான் தெரியும். அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வரி போடுகிற வழி. கல்யாணமான ஓர் ஆணின் தலைமையில் இருக்கும் குடும்பம் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு வரி. வரி கொடுப்பவனுக்குக் கூட்டத்தில் பேச்சு உண்டு. அப்படியே இதற்கும் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு என்று வைத்துவிட்டார்கள். பணத்தோடு ஆளும் தர வேண்டும். மறுநாள் காலை இரும்புச் சட்டங்கள் மெயின் ரோட்டில் வந்து இறங்கும். சந்துக்குள் வண்டி நுழையாது. தலைக்கட்டுக்கு ஓர் ஆள் வந்து தோளில் சுமந்து மாடி ஏற்ற வேண்டும்.

"மூணாவது மாடில மூலைக் கோலிய மட்டும் விட்டுரு" என்றார் அண்ணாச்சி. "இட்லிக்கார மதினி. அண்ணன் தவறுனதுலேர்ந்து அவியளுக்கு வரி கெடையாது. பாவம், அவியள எதுக்குச் செரமப்படுத்திக்கிட்டு."

நல்ல மனதோடுதான் சொன்னார்.

மத்தியானம் கதவு தட்டத் தொடங்கினேன். முதல் வீட்டில் ஒரு பெரியவர், மும்பைக்கு வந்து முடி நரைத்தவர், கட்டிலை விட்டு எழாமல் கேட்டார்: "இடிக்கப் போற கட்டடத்துக்கு எதுக்குல சோலாரு?"

"இடிக்கும்போது கழட்டி எடுத்துட்டுப் போலாம் தாத்தா."

"நான் வந்த நாள்லேர்ந்து தாராவிய இடிச்சுக் கட்டத்தான் போறாவ. எம் பேத்திக்குப் பேறுகாலமே வந்துட்டு" என்று அவரே சிரித்தார். வருவதாகச் சொன்னார்.

அடுத்த வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண், மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று கேட்டாள். "கொறயத்தான் செய்யும்" என்றேன். செம்பூரில் இதைச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. அவள் தலையாட்டிக்கொண்டாள். "அதான பாத்தேன். எல்லாம் நல்லா வரும்னு சொன்னியன்னா நம்பியிருக்க மாட்டேன்." அவளும் வீட்டுக்காரனை அனுப்புவதாகச் சொன்னாள். இரண்டாவது மாடியில் ஓர் இளைஞன் சங்கத்தின் தமிழ் நோட்டீஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, பட்கே சுனாவ் நா" என்றான். படித்துக் காட்டினேன். "இத்னா ஹீ? இவ்வளவுதானா? நேரா சொல்ல வேண்டியதுதானே" என்றான்.

மூலைக் கோலிக்குப் போக வேண்டும் என்று எனக்கு எண்ணம் இல்லை. கதவு திறந்திருந்தது. வாசலிலேயே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு பலகையில் உட்கார்ந்து, ஓரத்தில் ஏறும் மாவைக் கையால் வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும்.

"எல்லா வீட்டுக்கும் போற, இங்க மட்டும் ஏன் தாண்டிப் போற?" என்றார், மாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "உங்களுக்கு வரி கெடையாதுன்னு சொன்னாவ அக்கா. அதான்."

"எதுக்கு வரி? கொடைக்கு இன்னும் நாள் கெடக்கே."

"கொடைக்கு இல்ல. மாடியில சோலார் போடுறதுக்கு."

அவர் சுவிட்சை அணைத்தார். கல் மெதுவாகச் சுற்றி நின்றது. மாடியில் ஏதோ அளந்துகொண்டிருந்ததை அவரும் பார்த்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டி வைக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பங்கு, பில்லில் கழிப்பது, நாளைக்கு ஆள் தருவது எல்லாம். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்று மட்டும் கேட்டார்.

"வரி கெடையாதுன்னா பங்கும் கெடையாதுல்லா?"

தலையாட்டினேன். கட்டடத்திலேயே அதிகமாக பில் வருவது அந்த வீட்டுக்குத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விடியுமுன் சட்னிக்கு ஒரு முறை, மத்தியானம் மறுநாள் மாவுக்கு ஒரு முறை என்று அந்தக் கிரைண்டர் தினமும் ஓடுகிறது. இட்லியை அவித்து எடுத்துக்கொண்டு விடியும்போது மாட்டுங்காவுக்குப் போய், ஸ்டேஷன் பக்கம் ஒரு மூடிய கடையின் முன்னால் உட்கார்ந்து விற்றுவிட்டு வருகிறார். அந்த வியாபாரத்தில் நிற்பது எதுவோ அதில் பெரும்பகுதி கரண்டுக்குப் போகிறது. "பில்லு வந்தா மொத நாள் பிரிக்கவே மாட்டேன் தம்பி. சாமி படத்துக்குக் கீழ வச்சிருவேன். சாமி பாத்து ஏதாவது கொறைச்சா உண்டு" என்று சிரித்தார்.

உள்ளே அவருடைய மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு மாலில் பில் போடும் வேலை. தலையைச் சீவியபடி வெளியே வந்து, "சோட் தோ மா, விட்டுரு" என்றாள். "அவங்களா கூப்பிடல. நீ போய்க் கேட்டா சீப்பா இருக்கும். அடுத்த வருஷம் நாமளே வேற எடம் போயிடலாம்."

"எங்க போவ?"

"கஹீ பீ. எங்கயாவது."

"கஹீ பீக்கும் கரண்டு பில்லு வரும்" என்றார் அம்மா. மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாயின் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனாள்.

"கூட்டம் எத்தன மணிக்கு?" என்று அவர் என்னிடம் கேட்டார். சொன்னேன். மறுபடி சுவிட்சைப் போட்டார்.

சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள். பெண்கள் வாசல்படிக்கு வெளியே, சன்னதியை ஒட்டி நின்றிருந்தார்கள். உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வழக்கமாக அங்கேதான் நிற்பார்கள். அண்ணாச்சி எழுந்து தலைக்கட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, மறுநாள் யார் வீட்டிலிருந்து யார் வருவார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். "எம் மருமவன் வருவான்", "நானே வாறேன், இடுப்புதான் ஒத்துழைக்கணும்" என்று பதில்கள் வந்தன. எல்லாம் சொல்லி முடித்து, "அவ்வளவுதான்" என்று அவர் உட்காரப்போனார்.

இட்லிக்கார அம்மா படி தாண்டி உள்ளே வந்தார். காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலி தரையில் உரசிய சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள்.

"எங் கோலிய விட்டுட்டிய அண்ணாச்சி."

அண்ணாச்சியின் முகம் சங்கடமாகிவிட்டது. "விடல மதினி. ஒங்களுக்குத்தான் வரி கெடையாதே. அண்ணன் போனப்பவே முடிவு பண்ணிட்டோம்லா. ஒங்களுக்குச் செரமம் வேண்டாம்னுதான்."

"கொடைக்கு வரி வேண்டாம்னிய. செரின்னேன். சாமி காரியம், நீங்க எல்லாரும் எனக்கும் சேத்துச் செஞ்சிய. பொங்கச் சோறும் குடுத்து விட்டிய. வாங்கித் தின்னேன். நான் ஒண்ணும் கொற சொல்லல." அவர் குரலில் கோபமே இல்லை. "ஆனா இது கரண்டு. எம் மிசினு ஓடுத கரண்டு. இதுல எனக்கு எரக்கம் வேண்டாம். வரி போடுங்க."

அந்த அம்மாவை ஒதுக்கியதாக அண்ணாச்சி கனவிலும் நினைத்திருக்க மாட்டார். சுமை வேண்டாம் என்று எடுத்துவிட்டார். சுமையோடு சேர்த்துப் பங்கையும் எடுத்துவிட்டோம் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்குத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான். மத்தியானம் அந்த வாசலைத் தாண்டிப் போகத்தானே இருந்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்: "தலைக்கட்டுன்னா ஆம்பள உள்ள வீடுதான? ஒருத்தருக்குப் போட்டா எல்லாருக்கும்லா போடணும்."

"எனக்கும் போடுங்க" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. புருஷன் வளைகுடாவுக்குப் போய்த் திரும்பாத ஒரு பெண். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார். நான் கதவு தட்டிய அவர் வீட்டையும் அண்ணாச்சி சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்பம் எங்க பங்கு கொறையும்" என்றார் பின்வரிசைக்காரர். தப்பாகச் சொல்லவில்லை. மாடி அதே மாடிதான், வெயிலும் அதே வெயில்தான். சேரும் வீடுகள் கூடினால் ஒவ்வொரு பில்லிலும் கழிவது குறையும். அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் இன்னொரு கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால், அந்தக் கட்டடத்தில் எல்லோர் பில்லும் இறங்கும், அவருடையது மட்டும் அப்படியே நிற்கும். தினமும் அந்தத் தகடுகளுக்குக் கீழேதான் துணி உலர்த்த வேண்டும்.

கட்டிலை விட்டு எழாத அந்தப் பெரியவர்தான் பேசினார். எப்படியோ இறங்கி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கட்டடத்துல பாதிப் பேரு அவ கிரைண்டர் சத்தத்துலதான் முழிக்கான். அது நின்னு போச்சுன்னா ஒருத்தனும் நேரத்துக்கு வேலைக்குப் போவ மாட்டான். பங்கு கொஞ்சம் கொறஞ்சா என்னல? சம்பளமே கொறஞ்சுரும்."

சிரிப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் இன்னொருவர், "எங்க வீட்டுப் பெருசு பல்லு இல்லாம அந்த இட்லிலதான் உசிரு வச்சிருக்கு. போடுங்க அண்ணாச்சி" என்றார். மற்றவர்களும் போடச் சொன்னார்கள். பின்வரிசைக்காரர் கடைசிவரை வாய் திறந்து சரி என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்சேபம் உண்டா என்று அண்ணாச்சி கேட்டபோது தலை குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டார். எங்கள் கூட்டங்களில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

"செரி மதினி. போட்டாச்சு" என்றார் அண்ணாச்சி. பிறகு வாசலைப் பார்த்து, "ஒனக்கும்தான் தாயி" என்றார். குழந்தைக்காரப் பெண் உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். அம்மா அந்தக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சும்மா இருந்த அந்தக் கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது.

"பங்கு போட்டா ஆளும் தரணுமே" என்று பின்வரிசைக்காரர் ஞாபகப்படுத்தினார். குத்தலாகவா, நியாயமாகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வேண்டாம், அவிய ஆளு எங்க பட்டறையிலேர்ந்து வரும்" என்றார் அண்ணாச்சி அவசரமாக.

"மறுபடியும் பாத்தியளா?" என்றார் அம்மா. இந்த முறை அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். "எம் பங்குக்கு நான் வாறேன். மாவுச் சட்டி தூக்குத தோளுதான. இரும்பு தூக்காதா?"

"காலைல இட்லி?" என்று யாரோ கேட்டார்கள்.

மகளுக்கு மறுநாள் காலை ஷிஃப்ட். ஒருநாள் போகாவிட்டால் மாட்டுங்கா வாடிக்கை பக்கத்துத் தெருவுக்கு நடந்துவிடும். அம்மா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே யோசித்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். தலைக்கட்டும் இல்லை, வரியும் இல்லை, அந்தக் கூட்டத்தில் பேச எனக்கு உரிமையும் இல்லை.

"நான் கொண்டு போறேன் அக்கா" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு எடத்துல உக்காந்து பழக்கம் உண்டா ஒனக்கு?"

"கெடையாது."

"அண்ணாச்சி, இவன நம்பலாமா?"

"ஒருநாளைக்கு நம்பலாம்" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் விடிந்தபோது மூன்றாவது மாடியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பெரிய அலுமினியப் பாத்திரத்தில் ஈரத்துணி விரித்து, இட்லிகளை அடுக்கடுக்காக வைத்தார். சட்னி ஒரு தூக்கில், சாம்பார் ஒரு தூக்கில். எங்கே உட்கார வேண்டும், யாருக்குச் சட்னி கூட ஊற்ற வேண்டும், யார் காரம் கேட்டுக் கேட்டுச் சண்டை போடுவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். மகளின் பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ காலில். அது கொஞ்சம் பெரிது, முன்னால் துணி திணித்திருந்தார். எனக்குச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்ததும் அவர்தான். "கழுத்த ஆட்டாத. கண்ண மட்டும் ஆட்டு."

சந்தில் பாதி தூரம் போனபோது முதல் சட்டம் எதிரே வந்தது. நீளமான இரும்பு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நான் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டேன். நான்கைந்து ஜோடிகள் கடந்து போனார்கள். பின்வரிசைக்காரரும் போனார். மறுமுனையைச் சுமந்து வந்தது குழந்தைக்காரப் பெண். குழந்தை யாரிடம் இருந்ததோ. எனக்குப் பின்னாலேயே மாடி இறங்கி வந்த அம்மா என்னைத் தாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் விரைந்து நடந்தார். திரும்பிப் பார்த்து, "நிக்காத, ஆறிரும்" என்றார்.

மாட்டுங்காவில் பூக்காரர்கள் கூடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்ன மூடிய கடையைக் கண்டுபிடித்துப் பாத்திரத்தை இறக்கி வைத்தேன். ஒரு வாட்ச்மேன், இரண்டு பூக்காரர்கள், ஆபீஸ் பையோடு ஒருவர் ஏற்கெனவே நின்றிருந்தார்கள்.

"அக்கா வரலையா?" என்றார் பூக்காரர்.

"அவங்க வீட்டுப் பங்குக்கு மாடியில சோலார் ஏத்துறாங்க. இன்னைக்கு நான்தான்" என்று சொல்லிவிட்டு, துணியை விலக்கி, இலைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன்.